இருபத்து மூன்று நிமிடம் நின்ற அட்டவணை

1

ஒரு வியாழக்கிழமை காலை, பத்து மணி ஒன்பது நிமிடத்துக்கு, எந்தக் கிடங்கில் எந்த வகை ரத்தம் இருக்கிறது என்று மருத்துவமனைகளுக்குச் சொல்லும் அட்டவணையை நான் நிறுத்திவிட்டேன். மின்சாரம் போகவில்லை. யாரும் என்னை மிரட்டவில்லை. நன்றாகத் தூங்கி எழுந்து, நான்கு விதும்புவா¹ தின்று, முழு நினைவோடு வந்து உட்கார்ந்து செய்த காரியம். ஒரே ஒரு வரிக் கட்டளை. அழுத்தினேன். நின்றது. இருபத்து மூன்று நிமிடம் நின்றது.

(¹ எண்ணெயில் பொரித்த மாவு உருண்டை. அன்று காலை நான் நிரப்பிய அலுவலகப் படிவத்தில் காலைச் சாப்பாட்டைப் பற்றிக் கேள்வி இல்லை. மற்றக் கேள்விகளுக்கு ஒழுங்காகப் பதில் எழுதாத குறைக்கு இதையாவது சொல்லிவைக்கிறேன்.)

இந்தக் கதை அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் "நான் நிறுத்தினேன்" என்று இதற்கு மேல் எழுத மனம் வரவில்லை. ஆகவே ஓர் ஆளை வாடகைக்கு எடுக்கிறேன். பெயர் ஹமூங்கா. டோங்கா இனத்தவன், முப்பத்து நான்கு வயது, நாட்டின் தலைநகரான லுசாக்காவில் ரத்த வங்கியின் கணினிப் பிரிவில் வேலை. என்னைவிட இரண்டு அங்குலம் உயரமாக வைத்திருக்கிறேன். என் பழியைச் சுமக்க வந்தவனுக்கு அதுகூடச் செய்யாவிட்டால் எப்படி.

கதையில் ஒரே கேள்விதான். அந்த இருபத்து மூன்று நிமிடத்துக்குள் ஒரு மருத்துவமனையில் பிரசவத்துக்கு வந்த பெண் ஒருத்திக்கு ரத்தம் கேட்டார்கள். அவள் என்ன ஆனாள்?

எனக்குத் தெரியாது. இதை எழுதத் தொடங்கும் இந்தக் காலை வரை தெரியாது. தெரிந்துகொண்டு வந்து எழுதுவதுதான் முறை. முறையாக நடக்கிறவனாக இருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது.

2

தொடக்கம் அ:

அக்டோபர் வெயில் லுசாக்காவின் தகரக் கூரைகளை

[வேண்டாம். அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. வெயில் மேல் பழி போட முடியாது.]

தொடக்கம் ஆ:

ஹமூங்கா கெட்டவன் அல்ல.

[இப்படித் தொடங்கினால் அடுத்த வரிக்குள் நீங்கள் அவனைக் கெட்டவன் என்று முடிவு கட்டிவிடுவீர்கள். நானாக இருந்தால் கட்டியிருப்பேன்.]

தொடக்கம் இ:

ஒவ்வொரு ரத்தப் பைக்கும் ஓர் எண் உண்டு. அந்த அட்டவணையைப் பெரிய பேரேடு ஒன்றாக நினைத்துக்கொள்ளுங்கள்: ஒரு பைக்கு ஒரு வரி. வரியில் பையின் எண், ரத்த வகை, எந்தக் கிடங்கில் இருக்கிறது, எப்போது கெட்டுப்போகும், எந்த மருத்துவமனை எப்போது கேட்டது. ஒவ்வொரு விவரத்துக்கும் மேலிருந்து கீழாக ஒரு பத்தி ஓடும். நாட்டின் மருத்துவமனைகளெல்லாம் ஒரே நேரத்தில் இந்த ஒரே பேரேட்டைத்தான் படிக்கின்றன, இதில்தான் எழுதுகின்றன. முப்பது லட்சம் வரிகள். பை எண்ணுக்கான பத்தியைப் பதினான்கு வருடத்துக்கு முன்னால் யாரோ குறுகலாக வகுத்துவிட்டார்கள். வரப்போகும் புதிய பைகளின் எண்கள் நீளமானவை, அதில் அடங்காது. பத்தியை அகலப்படுத்த வேண்டும்.

ஹமூங்கா முதலில் நகல் பேரேடு ஒன்றில் செய்து பார்த்தான். இமைப்பதற்குள் முடிந்தது. நகலில் இருநூறு வரிகள். இருநூறுக்கும் முப்பது லட்சத்துக்கும் உள்ள வித்தியாசம் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஹமூங்காவுக்கும் தெரியும். அன்றைக்கு மட்டும் தெரியவில்லை.

[இதுதான் தொடக்கமாக நிற்கட்டும். அழகில்லை, ஆனால் பொய்யும் இல்லை.]

3

அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் அட்டவணையில் கை வைப்பதற்கு முன்னால், ரத்தம் அதிகம் எடுக்கும் ஒன்பது மருத்துவமனைகளைப் போனில் கூப்பிட்டு, அங்கே அவசரம் ஏதாவது இருக்கிறதா, கை வைக்கலாமா என்று கேட்க வேண்டும். பதிலைப் படிவத்தில் எழுத வேண்டும். எட்டு மருத்துவமனைகள் "செய்யுங்க" என்றன. ஒன்பதாவது, நகரத்திலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஒரு மிஷன் மருத்துவமனை. பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே ரத்தப் பரிசோதனைக் கூடத்தைப் பார்த்துக்கொள்பவள் நசிலேலே.

நசிலேலே லோசி இனத்தவள். ஹமூங்கா டோங்கா. இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் கேலிமுறை. முகம் தெரியாதவனாக இருந்தாலும், லோசி என்று தெரிந்த மறுநொடி வாயைத் திறந்து வம்பிழுக்கலாம். கோபித்துக்கொள்கிறவன் மனிதனே அல்ல. டோங்கா என்றால் மாடும், முன்பல்லைத் தட்டி எடுத்துக்கொண்ட முன்னோரும்; லோசி என்றால் ஆற்று மீனும் ராஜாவின் படகும்: கேலிக்குச் சரக்கு இவ்வளவுதான். ஹமூங்காவும் நசிலேலேயும் நான்கு வருடமாகப் போனில் பேசுகிறார்கள். வேலையைப் பற்றிப் பேசியது மொத்தமாக ஒரு மணி நேரம் இருக்கும்.

"என்ன மாட்டுக்காரா, இன்னும் உசுரோட இருக்கியா?" என்றாள் அன்றைக்கும்.

"இருக்கேன், மீன்தலை. உங்க ஊர்ல மீனெல்லாம் தீந்து போச்சாமே, இப்போ என்னத்தச் சப்பிக்கிட்டு இருக்கே?"

"உங்க தாத்தா முன்பல்லுதான் ரெண்டு கெடந்துச்சு. சரி சொல்லு, எதுக்குக் கூப்ட்டே? கல்யாணத்துக்குப் பொண்ணு கேட்டா எங்க வீட்ல மாடெல்லாம் வாங்க மாட்டாங்க."

"டேபிள்ல ஒரு சின்ன வேலை. பத்து மணிக்குக் கை வைக்கிறேன். உங்ககிட்ட அவசரம் ஏதாவது உண்டா?"

"நீ கை வைக்கிறியா? ஐயோ. மாட்டுச் சாணி அள்ளுற கை. இன்னிக்கு நீ அதத் தொட்டேன்னா இங்க ஒருத்தி செத்துப்போவா, பாத்துக்க."

ஹமூங்கா சிரித்தான். நன்றாக, வாய்விட்டுச் சிரித்தான். "செத்தா உங்க ராஜா படகுல ஏத்தி அனுப்பு" என்றான். அவளும் சிரித்தாள். போனை வைத்தான்.

படிவத்தில் ஒன்பதாவது கட்டத்தில் எழுதினான்: ஆட்சேபம் இல்லை.

[இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். நசிலேலேயைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். நான் அவளை நேரில் பார்த்ததே இல்லை. முதல் வரைவில் அவளுக்குக் கண்ணாடி போட்டுவிட்டேன், அடித்து அழித்தேன். குண்டாக ஆக்கினேன், அதையும் அழித்தேன். என்னிடம் இருப்பது ஒரு குரல் மட்டும். அந்தக் குரல் "ஒருத்தி செத்துப்போவா" என்று சொன்னபோது அதில் சிரிப்பு இருந்தது என்று சத்தியம் செய்வேன். ஆனால் சிரிப்பு இருந்ததனால் அது கேலி என்று யார் சொன்னது? எங்களுக்குள் உண்மையைச் சொல்லவும் அந்தக் குரலைத் தவிர வேறு குரல் கிடையாது.]

4

பத்து ஒன்பது. அழுத்தினான்.

பத்தியை அகலப்படுத்துவது என்றால், அந்தப் பேரேட்டின் ஒவ்வொரு வரியையும் புதிதாக எழுதுவது. அது முடியும்வரை யாரும் பேரேட்டைத் திறக்க முடியாது. படிக்கவும் முடியாது, எழுதவும் முடியாது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து முப்பது லட்சம் வரிகளை நகலெடுக்கிறார், வெளியே நாட்டின் மருத்துவமனைகளெல்லாம் வரிசையில் நிற்கின்றன.

பத்து பத்து. முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. இன்னும் ஒரு நிமிடம் பார்க்கலாம்.

பத்து பன்னிரண்டு. இன்னும் ஒரு நிமிடம்.

நிறுத்தலாம். ஒரு விசை போதும். நிறுத்தினால் எல்லாம் பழையபடியே ஆகிவிடும், ஒரு வரிகூடச் சேதமாகாது. இதை ஹமூங்கா படித்திருக்கிறான், பரீட்சை எழுதியிருக்கிறான், புதிதாக வந்த இரண்டு பேருக்குப் பாடமே எடுத்திருக்கிறான். ஆனால் விரலை அந்த விசையின் மேல் வைத்ததும் அவனுக்கு வேறொன்று தோன்றியது: பாதியில் நிறுத்தி, பாதி வரிகள் காற்றோடு போய்விட்டால்? முப்பது லட்சத்தில் பாதி? விரல் அப்படியே நின்றது. திரையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. அந்தக் கோட்டைப் போல இரக்கமில்லாத ஒன்றை அவன் பார்த்ததில்லை.

பத்து பதினாறு. மேலாளர் கசோன்டே அம்மாள் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஹமூங்கா, ஸ்க்ரீன் ஏன் சுத்திக்கிட்டே இருக்கு?"

ஹமூங்கா எழுந்து நின்று, "மேடம், நான்தான், நான் ஒரு கட்டளையை"

[இல்லை. அப்படி நடக்கவில்லை. எழுந்து நிற்கவே இல்லை.]

"நெட்வொர்க் மேடம்" என்றான் ஹமூங்கா, திரும்பிப் பார்க்காமல்.

"இந்த நெட்வொர்க்காரனுங்கள" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

பத்து பத்தொன்பது. அவன் மேசையில் இருந்த போன் அடித்தது. ஓர் ஆண் குரல், ஓடி வந்தவனின் மூச்சு. அந்த மிஷன் மருத்துவமனை.

"ஓ நெகட்டிவ் நாலு பை வேணும் சார். பிரசவத்துக்கு வந்த பொண்ணு, ரத்தம் நிக்க மாட்டேங்குது. எந்தக் கிடங்குல இருக்குன்னு சொல்லுங்க, ஸ்க்ரீன் வரல."

அவனுக்குத் தெரியாது. அந்த நொடி அது யாருக்குமே தெரியாது. தெரிந்த ஒரே பொருளை அவன்தான் பூட்டி வைத்திருக்கிறான்.

"வந்துரும் சார்" என்றான். "இப்போ வந்துரும்."

"இப்போன்னா?"

"ரெண்டு நிமிஷம்."

போன் வைக்கப்பட்டது.

[கிடங்கு கிடங்காகப் போன் போட்டுக் கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். நானே போட்டுக் கேட்டிருக்கலாம். ஆறு கிடங்குகள்தான். ஆறு எண்ணும் சுவரில் ஒட்டியிருக்கிறது. இந்த வரியை ஹமூங்கா தலையில் வைக்க முயன்றேன், வழுக்கி வழுக்கி என் மடியிலேயே விழுகிறது.]

இரண்டு நிமிடம் ஆனது. நான்கு ஆனது. பத்து முப்பத்திரண்டுக்கு அது தானாகவே முடிந்தது. திரைகள் உயிர்பெற்றன. யாரோ கைதட்டினார்கள். ஹமூங்கா கழிப்பறைக்குப் போய் அந்த நான்கு விதும்புவாவையும் வாந்தியெடுத்தான்.

5

மதியம் அவன் பேரேட்டில் அந்தப் பெண்ணைத் தேடினான். அந்த மருத்துவமனை, ஓ நெகட்டிவ், நாலு பை, வியாழக்கிழமை. அப்படி ஒரு வரி இல்லை. எப்படி இருக்கும்? அவளுக்காக ரத்தம் கேட்டபோது எழுத முடியாதபடி பூட்டியிருந்தது. திறந்த பிறகும் யாரும் வந்து கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை?

தேவைப்படவில்லையா? இல்லை, தேவையே இல்லாமல் போய்விட்டதா?

அன்றிலிருந்து தினமும் காலையில் வந்ததும் முதல் வேலையாக அந்த வரியைத் தேடுவான். இல்லாத வரி ஒரே ராத்திரியில் முளைத்துவிடும் என்று நம்புகிற படிப்பறிவில்லாதவன் அல்ல அவன். ஆனாலும் தேடுவான். ஹமூங்கா நெஞ்சுக்குள் ஓர் எலி புகுந்துகொண்டது. சாப்பிடும்போது கரண்டும், மினிபஸ்ஸில் நிற்கும்போது கரண்டும், மனைவி ஏதாவது கேட்டால் அந்த நேரம் பார்த்துத்தான் நன்றாகக் கரண்டும்.

முறைப்படி கடிதம் எழுதிக் கேட்கலாம். எழுதினால் அந்தப் படிவத்தைத் திறப்பார்கள். ஒன்பதாவது கட்டத்தில் "ஆட்சேபம் இல்லை" இருக்கும். நசிலேலேயைக் கூப்பிட்டு, நீ அப்படிச் சொன்னாயா என்று கேட்பார்கள். அவள் என்ன சொன்னாள் என்பது அப்போது வெளியே வரும்.

ஆகவே நேரே அவளுக்கே போன் செய்தான். முதல் வாரம்:

"நசிலேலே, அன்னிக்கு ஒரு பொண்ணுக்கு ஓ நெகட்டிவ் கேட்டாங்களே..."

"யாரு, மாட்டுக்காரனா? உங்க ஊர்ல பசு கன்னு போட்டா கூட மூணு நாள் லீவு போடுவீங்களாமே?"

"வெளையாடாதே."

"வெளையாடாம உன்கிட்ட வேற என்னத்தப் பேசுறது? உன் பால் மூஞ்சிக்கு."

மூன்றாவது வாரம்: தயிர்க் குடத்தைப் பற்றி. ஐந்தாவது வாரம்: டோங்காக்காரன் பெண்டாட்டியைத் தொலைத்துவிட்டு மாட்டைத் தேடிப் போன கதை. ஒவ்வொரு முறையும் அவன் கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் அவள் ஆரம்பித்துவிடுவாள். கேலி முன்பைவிட வேகமாக வந்தது, கூர்மையாக வந்தது.

முதலில் அவனுக்குச் சற்று நிம்மதியாகத்தான் இருந்தது. இவ்வளவு சிரிக்கிறாளே, ஒன்றும் ஆகியிருக்காது.

பிறகு ஞாபகம் வந்தது. எங்களிடையே கேலி உச்சத்துக்குப் போவது கல்யாணத்தில் அல்ல, சாவில். பெரியப்பா இறந்தபோது ஒரு லோசிக்காரர் அவருடைய தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, அவரைப் போலவே நொண்டி நொண்டிப் பந்தலைச் சுற்றி வந்தார். அழுதுகொண்டிருந்த அத்தை சிரித்துவிட்டாள். அதற்காகத்தான் அவர்கள் வருவது. அது அவர்கள் கடமை. செத்த வீட்டில் கேலி பேசாத லோசிக்காரனை யாரும் மன்னிக்க மாட்டார்கள்.

அப்படியானால் நசிலேலே யார் சாவுக்கு வந்து சிரிக்கிறாள்?

6

மூன்று முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன். விருப்பமானதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முடிவு ஒன்று. ரத்தம் தானாகவே நின்றுவிடுகிறது. பெண் குழந்தை. ஆறு வாரம் கழித்து, தாயும் சேயும் இருக்கும் படம் ஒன்று ஹமூங்காவின் போனுக்கு வருகிறது. கீழே, "பயப்படாதீங்க அண்ணா" என்று

[இதை எழுதும்போது அழுதேன். மறுநாள் படித்துப் பார்த்துக் கூசிப்போனேன். இந்த முடிவில் எல்லோரும் சேர்ந்து ஹமூங்காவுக்கு ஆறுதல் சொல்கிறார்கள். ரத்தம் கொட்டியவளும் அவனைத்தான் தேற்றுகிறாள். எவ்வளவு சௌகரியம்.]

முடிவு இரண்டு. பதினொன்றே கால் மணிக்கு அந்தப் பெண்

[நான்கு தடவை இதே இடத்தில் நின்றிருக்கிறேன். அடுத்த சொல் என்னவென்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். விரல் விசையின் மேல் நிற்கிறது. எனக்கு இது பழகிய நிலைதான்.]

முடிவு மூன்று. அந்தப் போனே தவறான எண்ணுக்கு வந்தது. அந்த ஆள் வேறு எங்கோ கேட்க வேண்டியதை இங்கே கேட்டான். அப்படி ஒரு பெண்ணே இல்லை.

[எனக்கு மிகவும் பிடித்த முடிவு. இதில் யாரும் சாகவில்லை, ஏனென்றால் யாரும் பிறக்கவே இல்லை. ஒரு மனுஷியைப் பிழைக்க வைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அவளை இல்லை என்று சொல்வதுதானா என்று நினைத்தபோது பயந்துவிட்டேன். இதுவரை பட்ட பயத்தைவிடப் பெரிதாக.]

7

ஆறாவது வாரம் கசோன்டே அம்மாள் கூப்பிட்டார். புதிய பைகள் துறைமுகத்தைத் தாண்டிவிட்டன. பத்தி இன்னும் குறுகலாகத்தான் இருக்கிறது. (அன்றைக்கு முடிந்தது என்றேனே? சில கிடங்குகளின் பழைய கணினி நிரல்கள் அகலப் பத்தியைப் படிக்க முடியாமல் தடுமாறின. அன்று மாலையே அலுவலகம் மூடிய பிறகு, மருத்துவமனைகளுக்கெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிட்டார்கள். அந்த இருபத்து மூன்று நிமிடமும் வீண் என்பதை இவ்வளவு தாமதமாக, அடைப்புக்குறிக்குள் ஒளித்துச் சொல்கிறேன்.)

"இந்தத் தடவை எப்டி செய்யப் போறே?" என்றார் கசோன்டே.

ஹமூங்கா வாயைத் திறந்தான். "மேடம், அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நெட்வொர்க் இல்ல. நான்தான்."

"தெரியும்."

"தெரியுமா?"

"லாக்ல பத்து ஒம்பதுக்கு உன் பேருதான் இருக்கு. நெட்வொர்க்குன்னு யாரும் நம்ம ஆபீஸ்ல வேலை பாக்கல." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆறு வாரமாச்சு தம்பி உனக்கு, இதச் சொல்ல. நான் நாலு வாரம்னு நெனச்சேன். இப்போ சொல்லு, ஓடுற மினிபஸ்ல ஒரு சீட்டு மாத்தணும். எல்லாரையும் எறக்கி ரோட்ல நிக்க வைப்பியா?"

"மாட்டேன் மேடம்."

"பழைய சீட்டத் தொடாதே. பக்கத்துல புதுச் சீட்டு ஒண்ணு போடு. காலிப் பத்தி சேக்குறதுக்கு ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடிக்கும் பேரேட்டுக் கதவு தெறக்கலியா, மூணு எண்ணு, திரும்பி வந்துரு. வாசல மறிச்சுக்கிட்டு நிக்காத, உனக்குப் பின்னாடி அத்தன பேரும் நிப்பாங்க. அப்புறம் நீள எண் வர்ற வரைக்கும் தெனமும் பதியுற எண்ண ரெண்டு பத்திலயும் எழுத விடு. பழைய வரிய ஆயிரம் ஆயிரமா மெதுவா நகத்து. நடுவுல மூச்சு விடு. ரெண்டும் ஒண்ணா இருக்கான்னு தெனமும் ஒப்பிட்டுப் பாரு. எல்லாரும் புதுசுல உக்காந்தாச்சுன்னு தெரிஞ்சப்புறம் பழசக் கழட்டு. எத்தன நாள் ஆகும்?"

"மூணு வாரம் ஆகும் மேடம்."

"ஆகட்டும்."

அறையை விட்டு வெளியே வந்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. கதையும் இப்போது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நீங்கள் உள்ளே உட்கார்ந்திருக்கிறீர்கள். இதில் ஒரு பத்தி தப்பாக வகுக்கப்பட்டிருக்கிறது: "அவன்" என்ற பத்தி. திடீரென்று அதைப் பிடுங்கினால் நீங்கள் விழுவீர்கள். ஆகவே பக்கத்தில் இன்னொன்று சேர்க்கிறேன்.

அவன் (நான்) தன் (என்) மேசைக்குத் திரும்பினான் (திரும்பினேன்). வியாழக்கிழமை பத்து மணிக்கு முதல் படி. அதற்கு முன்னால் விதிப்படி ஒன்பது மருத்துவமனைகளைக் கூப்பிட வேண்டும். ஹமூங்கா (நான்) எட்டுப் பேரைக் கூப்பிட்டான் (கூப்பிட்டேன்). இந்தத் தடவை ஒவ்வொருவர் சொன்னதையும் சொன்னபடியே, வார்த்தைக்கு வார்த்தை எழுதினான் (எழுதினேன்).

ஒப்பிட்டுப் பாருங்கள். அவன் செய்ததெல்லாம் நான் செய்ததுதானா? ஒரு வித்தியாசமாவது இருக்கிறதா? உயரம் இரண்டு அங்குலம். வேறில்லை.

சரி. பழையதைக் கழற்றுகிறேன். ஹமூங்கா வீட்டுக்குப் போகலாம். ஒன்பதாவது எண்ணை நான் அழுத்தினேன்.

8

"யாரது, மாட்டுக்காரனா? இன்னும் உன்ன வேலய விட்டுத் தூக்கலியா?"

எனக்குப் பதில் கேலி வாயில் வந்துவிட்டது. வழக்கமாக மீனிலிருந்து ஆரம்பிப்பேன். விழுங்கினேன்.

"நசிலேலே, மொதல்ல நான் ஒண்ணு சொல்றேன். அன்னிக்கு நீ சொன்னத நான் ஃபார்ம்ல எழுதல. ஆட்சேபம் இல்லன்னு எழுதிட்டேன். உன் பேர்ல."

அந்தப் பக்கம், பின்னால் எங்கோ ஒரு தள்ளுவண்டியின் சக்கரம் கிரீச்சிட்டது.

"அப்புறம்," என்றேன், "ஸ்க்ரீன் நின்னதுக்கு நெட்வொர்க் காரணமில்ல. நான். அந்த வேலையப் பாதியிலயே நிறுத்தியிருக்கலாம், நிறுத்தல. உங்க ஆளு போன் பண்ணினப்போ ரெண்டு நிமிஷம்னு சொன்னதும் நான்தான். எனக்கே தெரியாம சொன்னேன். அந்தப் பொண்ணு என்ன ஆனா?"

"டேய், உங்க ஊர்ல..." என்று ஆரம்பித்தாள். அந்த வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை, அவளே நிறுத்தினாள்.

பிறகு என் பெயரைச் சொன்னாள். நான்கு வருடத்தில் முதல் தடவை. அவளுக்கு என் பெயர் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.

"ரெண்டு நிமிஷம்னு நீ சொன்ன. நாங்க ரெண்டு நிமிஷம் நின்னோம்" என்றாள். "அதுக்கு மேல நிக்கல. ரத்தம் வர்றதுக்குப் பதிலா அவள ரத்தம் இருக்குற எடத்துக்கே கொண்டு போயிரலாம்னு டாக்டர் சொன்னாரு. ஆம்புலன்ஸ்ல ஏத்தி சிட்டிக்கு அனுப்பிட்டோம். பத்து இருபத்தஞ்சு இருக்கும். கதவ நான்தான் சாத்தினேன். பேரு லிமுகானி. கால்ல ஒரு செருப்புதான் இருந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் எனக்குத் தெரியாது."

"ஆறு வாரம் ஆச்சு நசிலேலே."

"ஆச்சு. அந்த சிட்டி ஆஸ்பத்திரி நம்பர் இருக்கு. என் மேசைமேலயே இருக்கு. ஒரு போன் போட்டா சொல்லிருவாங்க. நான் போடல." அவள் குரலில் சிரிப்பு ஒரு பொட்டுகூட இல்லை. அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை; மெல்லியதாக, வயதானதாக இருந்தது. "காலைல உன்கிட்ட சும்மாதான் சொன்னேன், ஒருத்தி செத்துப்போவான்னு. வார்டுல யாருமே இல்ல அப்போ. கேலிக்குச் சொன்னேன். போன வெச்சிட்டு டீ ஊத்துறேன், அவளத் தூக்கிட்டு வர்றாங்க. என் வாயில இருந்து எறங்கி வந்தவ மாதிரி. நான் எப்டிப் போன் போட்டுக் கேப்பேன்? நீ ஒவ்வொரு தடவ கேக்குறப்பவும் அந்த ஒத்தச் செருப்புதான் கண்ணு முன்னால வரும். அதான் மாட்டப் பத்திப் பேசினேன்."

இரண்டு கோழைகள், இரண்டு மணி நேரத் தூரம், நடுவில் ஒரு கம்பி.

லிமுகானி என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டேன். நகரத்தின் பெரிய மருத்துவமனை எங்கள் அலுவலகத்திலிருந்து நடக்கிற தூரம். போகலாம், நீங்களும் போகலாம். நான்காவது முடிவு அங்கே ஏதோ ஓர் ஏட்டில் ஏற்கனவே எழுதப்பட்டிருக்கிறது. அதை என்னால் இங்கே எழுத முடியாது. எனக்குத் தெரிந்த வரைக்கும்தான் இந்தக் கதை.

ஆனால் போனை வைப்பதற்கு முன்னால் விதிப்படி கேட்க வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. படிவத்தை முன்னால் இழுத்து வைத்தேன். ஒன்பதாவது கட்டம் வெறுமையாக இருந்தது.

"வியாழக்கெழம பத்து மணிக்கு டேபிள்ல மறுபடி கை வைக்கணும்" என்றேன். "ஒரு நொடி வேலதான். இருந்தாலும் கேக்குறேன். வைக்கட்டுமா?"

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. அவள் எதையோ பார்த்தாள். அவசரப்படாமல் பார்த்தாள்.

"வேணாம்" என்றாள். "பத்து மணிக்கு வேணாம். அன்னிக்குக் காலைல ரெண்டு பேருக்கு ஆபரேஷன் இருக்கு. மூணு மணிக்கு மேல வை."